அறுபதாம் படியில் அக்கா செய்யாத சத்தியம்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவரையும் வணங்குகிறேன். உடன்பிறந்தவர் என்ற முறையில் நான் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்று அக்காவின் மகன் கேட்டபோது, குழி போடத்தான் எனக்குத் தெரியும், எழுத்து வராது என்று தட்டிக் கழித்தேன். முப்பது ஆண்டுகள் ரிக் வண்டியோடு மாநிலம் மாநிலமாகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன் நான். மருமகன் விடவில்லை. "உங்களை உட்டா எழுதறதுக்கு வேற ஆருங்க மாமா இருக்கறாங்க?" என்றான்.

யோசித்துப் பார்த்தால் எழுதவேண்டியவன் நான்தான். அக்காவின் பேரில் ஒரு பழி உண்டு. பெற்ற தாய் இறந்த செய்தியைத் தம்பிக்குச் சொல்லாமல் மறைத்தவர் என்பது அந்தப் பழி. அதைப் போட்டவன் நான். இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அதை நம்பியவர்கள். அதை எடுத்துப் போடத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எந்தக் காரியத்தையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் அக்காவுக்குப் பிடிக்கும். நடுவில் தொடங்கினால் "மொதல்ல இருந்து சொல்லு சாமி" என்பார். ஆகவே முதலிலிருந்தே சொல்கிறேன்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், மானாவாரிக் கடலைக்காடு வைத்திருந்த குடியானவர் வீட்டில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். நான் ஐந்து ஆண்டு இளையவன். எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா எங்கள் காட்டு வேலை முடிந்ததும் அடுத்தவர் காட்டுக்குக் களை வெட்டப் போவார். அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு விசைத்தறிக்குப் போனார். போகும் வழியில் என் புத்தகப் பையையும் அவரே சுமந்துவந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவார். நான் கையை வீசிக்கொண்டு பின்னால் வருவேன். அந்தப் பழக்கம் பிறகும் எனக்குப் போகவில்லை. சுமையெல்லாம் அக்காவுக்கு, கை வீச்சு எனக்கு.

எங்கள் காட்டில் நின்றாலே திருச்செங்கோட்டு மலை தெரியும். ஆண்டுக்கொரு முறை, ஆடி அமாவாசையன்று, அப்பாவை நினைத்து அம்மா எங்கள் இருவரையும் அந்த மலைக்கு அழைத்துப் போவார். பஸ்ஸை விட்டு இறங்கி, தேர்வீதியில் பூ வாங்கிக்கொண்டு, அடிவாரத்தில் செருப்பை விட்டுவிட்டு ஏறத் தொடங்குவோம். பாறையில் நீளமாகச் செதுக்கியிருக்கும் நாகத்தின்மேல் அம்மா மஞ்சளும் குங்குமமும் தூவுவார். இன்னும் ஏறினால் அறுபதாம் படி. நம் பக்கத்து ஆட்களுக்கு அதைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் படியில் கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் விசாரணை கிடையாது. அங்கே சொன்ன சொல்லை நீதிமன்றத்திலேயே ஏற்றுக்கொண்ட காலம் உண்டு என்பார்கள்.

அந்தப் படிக்கு ஓரமாக உட்கார்ந்துதான் நாங்கள் கட்டுச்சோறு உண்போம். புளிச்சோறு. எனக்குப் புளி தூக்கலாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இறங்காது. "மசக்கைக்காரியாட்டப் புளி கேக்கறான் பாரு" என்று அம்மா திட்டுவார். அக்கா முதல் நாளே கூடுதலாகப் புளியைக் கரைத்துக் காய்ச்சித் தனியாக எடுத்துவைத்து, என் பங்கில் மட்டும் கலந்து கொடுப்பார். அப்படி உண்ணும்போது ஒரு முறை அம்மா அந்தப் படியின் முறையைச் சொன்னாராம். சத்தியம் மெய்யோ பொய்யோ, கேட்டவரும் செய்தவரும் அதற்குப்பிறகு ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கக் கூடாது, அதுவரைக்கும்தான் உறவு என்பது அந்த முறை. சொன்னாராம் என்றுதான் எழுதமுடிகிறது. அக்கா காதில் வாங்கியிருக்கிறார். நான் சோற்றில் கண்ணாக இருந்தேன்.

அக்காவை மோகனூரில் கரும்புக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தோம். மச்சான் பேசுவது குறைவு, வேலை அதிகம். அவருக்கு இளவயதிலேயே வயிற்றுப்புண். அக்கா அந்த வீட்டுச் சமையலில் புளியையும் மிளகாயையும் அறவே குறைத்துவிட்டார். கரும்பு வெட்டு நாட்களில் வெட்டாட்கள் சோறு சப்பென்று இருப்பதாகக் குறை சொன்னால், "மொதலாளி வயித்துக்கு ஆக்குனதுங்க, நீங்க ஊறுகாயத் தொட்டுக்கங்க" என்பார். பஸ் ஏறவேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்பார். பேரம் பேசாமல் பூ வாங்குவார். போனில் பேசினால், ஆள் எவ்வளவு தொலைவில் இருக்கிறாரோ அவ்வளவு உரக்கப் பேசவேண்டும் என்பது அவர் கணக்கு. நாமக்கல்லுக்கு என்றால் பக்கத்து அறைக்குக் கேட்கும். நான் இருக்கும் சத்தீஸ்கருக்கு என்றால் தெருவே கேட்கும். இதைச் சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை என்பது பின்னால் தெரியும்.

நான் ரிக்கில் மேனேஜராகி, திருச்செங்கோட்டில் மலையடிவாரத்துக்கு அருகிலேயே வீடு கட்டினேன். ஆண்டில் பத்து மாதம் வெளிமாநிலம். அதனால் முதுமையில் அம்மா மோகனூருக்கே போய் அக்காவிடம் இருந்தார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், சத்தீஸ்கரில் காட்டோரத்து ஊர் ஒன்றில் எங்கள் வண்டி நின்றிருந்தது. என் போனில் அங்கே சிக்னல் கிடையாது. டிரைவரின் போனில் கிடைக்கும். ஆத்திர அவசரத்துக்கு என்று அந்த எண்ணைத்தான் அக்காவிடம் கொடுத்திருந்தேன். ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் குழி தொடங்கினோம். பாறை மோசமாக இருந்தது. இருட்டிய பிறகுதான் வேலை முடிந்தது. வண்டியை நிறுத்தியதும் டிரைவர் வந்து, வீட்டிலிருந்து இப்போதுதான் போன் வந்தது, அம்மா தவறிவிட்டாராம் என்றார். நான் அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அக்கா, "காத்தாலயே சொன்னனே சாமி, இன்னுமா கெளம்புல?" என்று அழுதார். அம்மா விடியற்காலையிலேயே போயிருக்கிறார். டிரைவரைக் கேட்டால், "இல்லீங்க, இப்பத்தானுங்க கூப்புட்டாங்க" என்றார்.

ஒரு பக்கம் அக்காவின் சொல், மறுபக்கம் கூட வேலை செய்கிற ஆளின் சொல். நான் டிரைவர் சொன்னதை நம்பினேன். அன்று காலையிலேயே தெரிந்திருந்தால் விமானம் பிடித்தாவது வந்திருப்பேன். அடுத்த நாள் மாலைவரை காத்திருந்துவிட்டு, அதற்குமேல் முடியாமல் எடுத்துவிட்டார்கள். பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். நான் ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தபோது சாம்பலை ஆற்றில் கரைப்பதற்காகக் கலயம் வீட்டு வாசலில் இருந்தது. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது எனக்குத் தீராத குறை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னேன், அக்கா காலையிலேயே கூப்பிட்டது உண்மையென்றால் அறுபதாம் படியில் வந்து சொல்லட்டும் என்று. பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அடுத்த அமாவாசைக்கு நான்கைந்து உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு படிக்குப் போனேன். அக்காவும் மச்சானும் முதல் பஸ்ஸில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். நான் கற்பூரத்தை வைத்து ஏற்றினேன். பிறந்ததிலிருந்து அக்காவை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அன்று மாறிவிட்டது.

"சொல்லு. காத்தால கூப்புட்டேன்னு சொல்லி இதை அணைச்சுரு" என்றேன்.

அக்கா கற்பூரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இங்க வேண்டா சாமி. ஊட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றார்.

"உண்மையின்னாச் சொல்றதுக்கு என்ன?"

"உண்மைதான் சாமி. ஆனாச் சத்தியம் பண்ண மாட்டேன்."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மடியில் கனமில்லாதவர் எதற்குப் பயப்படவேண்டும் என்று ஒருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது, அக்காவுக்கும் கேட்டிருக்கும். "பாத்துக்கிட்டீங்கல்ல? இனி அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்துதான் அந்தப் பழி ஊர் ஊராகப் போனது. நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு கழித்து அந்த டிரைவர் வேலையை விட்டுப் போகும்போது, பஸ் ஸ்டாண்டில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேனேஜரே, மனசு கேக்குலீங்க. அன்னிக்குக் காத்தால குழி தொடங்குனதுமே உங்கக்கா கூப்புட்டாங்க. அம்மா எறந்துட்டாங்கன்னு தெளிவாத்தான் சொன்னாங்க. குழி முடியற வரைக்கும் ஆரு போன் வந்தாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்லீருந்தீங்க? அப்பறம் சொன்னா வேலை போயிரும்னு பயந்துட்டேனுங்க" என்றார்.

அந்தக் கட்டளையைப் போட்டவன் நான்தான். பாதிக் குழியில் கம்ப்ரசரை நிறுத்தினால் மண் சரிந்து துளைபோடும் ராடை உள்ளே பிடித்துக்கொள்ளும். அதனால் வேலை நடக்கும்போது வீட்டுச் செய்தி எதுவும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று என் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு ஆளிடமும் சொல்லியிருந்தேன். அது எனக்கும் சேர்த்துத்தான் என்று அன்று தோன்றவில்லை. இன்னொன்றும் அந்தப் பஸ் ஸ்டாண்டில்தான் உறைத்தது. அக்கா சத்தீஸ்கருக்குப் போன் பேசினால் மோகனூர்த் தெருவே கேட்கும். சாட்சி வேண்டுமானால் அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாலும் கிடைத்திருக்கும். நான் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. நேரே மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

உண்மை தெரிந்த அன்றே மோகனூருக்குப் பஸ் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. நான் ஏறவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்கு ரோசம் என்று பேர் வைத்துக்கொண்டேன். பொங்கலுக்குப் போகலாம், நோம்பிக்குப் போகலாம் என்று நாளைத் தள்ளினேன். மருமகன் கல்யாணத்துக்கு மச்சானே நேரில் வந்து பத்திரிகை வைத்தார். தாய்மாமன் சீரை வேறொருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். தாய்மாமனுக்கு விரித்த பாயில் அக்கா வேறு யாரையும் உட்காரவிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். தெரியாமல் செய்தது இரண்டு ஆண்டு. தெரிந்தே செய்தது ஒன்பது ஆண்டு. முதலாவதற்கு மன்னிப்பு உண்டு, இரண்டாவதற்கு எனக்குத் தெரியவில்லை.

வயதாகி ரிக் வேலையை விட்டேன். மகள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மனைவி கோவைக்குப் போனார். வீட்டில் நானும் டிவியும். ஆடி அமாவாசையன்று மட்டும் அம்மாவை நினைத்து மலைக்குப் போவேன். படி வழியாகப் போகமாட்டேன். அந்த அறுபதாம் படியைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. மலைமேல் வண்டிப் பாதை இருக்கிறதே, அதில் ஸ்கூட்டரில் ஏறி, பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கும் சாமியைக் கும்பிட்டுவிட்டு, கோயில் மதில் ஓரத்தில் மோகனூர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். வானம் தெளிந்திருந்தால் காவிரி தெரியும் என்பார்கள். எனக்கு ஒரு முறையும் தெரிந்ததில்லை. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என்னிடம் சாப்பிட ஒன்றும் இருக்காது. உச்சிப் பொழுதுக்கு இறங்கிவிடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் மருமகன் போன் செய்தான். "மாமா, அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பொறந்தவூட்டுக் கோடி எடுத்துட்டு வாங்க. நீங்க வாராம நாங்க எடுக்க மாட்டோம்." அக்கா போய் அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. முதல் போன் எனக்குத்தான் செய்தானாம், அது அக்கா முன்பே சொல்லிவைத்த ஏற்பாடாம். நான் கோடிச் சேலையோடு போய் அந்த வாசப்படியை மிதித்தேன். யாரும் என்னை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பியதும், பக்கத்து வீட்டார் ஆக்கிக் கொண்டுவந்த சோற்றை மச்சான் எனக்குப் போட்டார். அவர் அதிகம் பேசாதவர் என்றேன். அன்று பேசினார். "அவ சத்தியம் பண்ணீருந்தா ஒரு நிமிசத்துல அவ பேரு சுத்தமாயிருக்கும். நான்கூடச் சொன்னேன், பண்ணீட்டுப் போயேன்னு. அம்மா சொன்ன மொறைப்படி, பண்ணீட்டாத் தம்பி நம்மூட்டுல கை நனைக்க மாட்டானுங்களேன்னா. பேரு கெட்டாப் போகுது, சோத்துக்கு வரட்டும்னா. சாப்புடுங்க மச்சான்."

நான் சாப்பிட்டேன். பதினோரு ஆண்டுக்குப் பிறகு அக்கா வீட்டில் கை நனைத்தேன். நான் உண்ண வரவேண்டும் என்று அக்கா தன் பேரை விட்டுக்கொடுத்தார். நான் அதைக் காரணம் காட்டியே வராமல் இருந்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆகவே உறவினர்களே, அக்கா அன்று காலையிலேயே கூப்பிட்டார். இது உண்மை. இனி யாராவது மாற்றிச் சொன்னால் என் பேரைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

அக்காவின் கடைசி நேரத்தில் காரை ஓட்டிக்கொண்டு வந்த எதிர்வீட்டுக்காரருக்கும், துக்க நாட்களில் அடுப்பு மூட்டவிடாமல் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த அந்தத் தெருவினருக்கும், கரும்பு வெட்டை நிறுத்திவிட்டு வந்து நின்ற ஆட்களுக்கும், எனக்குப் பாய் போட்ட மச்சானுக்கும் மருமகனுக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் பேர் எனக்குத் தெரியாது.

அக்கா போன பிறகு வந்த ஆடி அமாவாசைக்கு நான் ஸ்கூட்டரை எடுக்கவில்லை. படி வழியாக ஏறினேன். நாகரைத் தாண்டி, மூச்சு வாங்கி, அறுபதாம் படிக்கு வந்தேன். அங்கே தட்டில் கற்பூரமும் உப்பு மிளகும் விற்கும் ஒரு வயதான அம்மாளிடம் கற்பூரம் வாங்கி ஏற்றினேன். அக்கா காலையிலேயே கூப்பிட்டது சத்தியம் என்று வாய்விட்டுச் சொல்லி அணைத்தேன். கேட்க யாரும் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு மோகனூர்ல இருந்து ஒரு அம்மணி வருமுங்க. முட்டி வலியோட ஒவ்வொரு படியா உக்காந்து எந்திரிச்சு வரும். இந்த வருசம் காணமுங்க. சாடை உங்களாட்டவே இருக்குமுங்க."

"அக்காங்க. போயிட்டாங்க" என்றேன்.

அவர் தட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "அப்ப அந்தத் தம்பி நீங்கதானுங்களா? தூக்குப்போசியில கட்டுச்சோறு கொண்டாந்து, ஒரு எலையில போட்டு மூடி வெச்சிருக்குமுங்க. என்ற தம்பி இந்த ஊருதான், அமாவாசைக்கு எப்படியும் மலைக்கு வருவான், இந்த வழியாத்தான வரோணும்னு சொல்லும். உச்சிவெயில் வர்ற வரைக்கும் நீங்க உக்காந்திருக்கற அதே கல்லுல உக்காந்திருக்கும். அப்பறம் எலைய என்ற கையில குடுத்து, நீங்க சாப்புடுங்க அம்மணி, வீணாப் போயிரும்னுட்டு மேல ஏறிரும். உங்க பங்கை இத்தன வருசமும் நாந்தானுங்க தின்னேன்."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "நெம்ப நல்லாத்தானுங்க இருக்கும். புளிதான் சித்தெத் தூக்கலா இருக்கும். ஒருக்காச் சொன்னேன், அம்மணி, புளி சாஸ்தியாப் போச்சாட்ட இருக்குதுன்னு. இல்லீங்க, அது அப்படித்தான் இருக்கோணும்னு சொல்லிருச்சுங்க."

மலையின் ஒரு பக்கம் நான் வண்டியில் ஏறி இறங்கிய அத்தனை ஆண்டும், மறு பக்கத்தில் எனக்காக வைத்திருந்த சோற்றை வீணாகவிடாமல் உண்ட அந்த அம்மாளுக்கு என் நன்றி.